கொடி தூக்கிய வெள்ளைக்கோட்டுக்காரர்

லண்டனில் ஒரு மைதான வாசலில் நான் செக்யூரிட்டியாக நின்ற காலம். அன்று ஹர்லிங் போட்டி. ஐரிஷ்காரர் மட்டையால் பந்தை ஆகாயத்துக்கு அடித்து விளையாடும் ஆட்டம். சீசன் தொடங்குமுன் கீழ்ப்பிரிவு அணிகளுக்கு வைப்பது என்பதால், பார்க்க வந்தவர்களைவிட விளையாட வந்தவர்களே அதிகம்.

கோல் கம்பத்தடியில் நிற்கவேண்டிய நடுவர் ஒருவர் வரவில்லை. மற்றவர் நெட்டைக் கிழவர். வெள்ளைக் கோட்டு, சிவந்த மூக்கு. நிமிடத்துக்கொரு தரம் மூக்குக்கண்ணாடியைக் கோட்டு நுனியில் துடைப்பார். நேரே என்னிடம் வந்து இன்னொரு கோட்டை நீட்டினார்.

“சேர், எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் விட்டனான்.”

“அது பந்துக்குத் தெரியாது, பெடியா. ரெண்டு கம்பத்துக்கும் நடுவாலை மேலே போனால் ஒரு புள்ளி. பார்த்துச் சொன்னால் காணும்.”

மண்டை உடைந்தால் அரசாங்கம் பெனிபிட் காசு தருமா, மனேஜர் கண்டால் வேலை போகுமா என்று யோசித்தபடியே கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு கம்பத்தடியில் நின்றேன்.

கடைசி நிமிடம். லண்டன் அணி ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து என் கம்பத்தை நோக்கிச் சீறி வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது முப்பது பேர் மட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிழவர் கிட்ட வந்தார். “உள்ளேயா, வெளியேயா?”

“சேர், நான் கண்ணை மூடிப்போட்டன்.”

“நானுந்தான்,” என்று காதுக்குள் சொல்லிவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் புள்ளிக்கான வெள்ளைக் கொடியை உயர்த்தினார். ஆட்டம் சமன். வெளியூர் அணியின் ஏச்செல்லாம் அவருக்கே விழுந்தது. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கண்ணை மூடியிருக்கவில்லை, என் மானத்தைக் காக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நம்பவே எனக்கு விருப்பம். உண்மையாகவே மூடியிருந்தால், அந்த வெளியூர்ப் பெடியளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?