நான் நிறுத்திய இடம்

நாற்பது வருஷம் புல்லாங்குழல் ஊதினேன், ஊதச் சொல்லியும் கொடுத்தேன். அதில் என் வாசிப்பைப் பற்றி ஊர் பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும் என் பேரில் இல்லை.

கோயமுத்தூரில் பேசும் படம் எடுக்க ஆரம்பித்திருந்த காலம். ஸ்டூடியோவில் கிருஷ்ணன் கதை எடுத்தார்கள். கிருஷ்ணன் வேஷம் கட்டியவர் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். பார்க்க ராஜா மாதிரி இருப்பார். குழலில் எந்தத் துளையில் வாய் வைப்பது என்றுகூடத் தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மாசம் மல்லுக்கட்டினேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

“ஏனுங்க வாத்தியாரே, ஊதத்தான் வேணுமுங்களா? புடிச்சிருந்தாப் பத்தாதுங்களா?” என்று கேட்டார்.

பத்தும் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் பாட்டையும் படத்தையும் ஒரே நேரத்தில்தான் பிடிப்பார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள வேண்டும். சாக்கும் துணியும் ஒட்டிச் செய்த ஒரு மரம். அதன் பின்னால் குந்திக்கொண்டு நான் ஊதினேன். முன்னால் அவர் விரலை ஆட்டினார். பாட்டுப் புஸ்தகத்தில் என் பேரைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். படம் வந்த அன்று கொட்டகை வாசலிலேயே புஸ்தகத்தை வாங்கி, அட்டையிலிருந்து அட்டைவரை தேடினேன். மாடுகளை ஓட்டி வந்தவன் பேர்கூட இருந்தது.

“உடுங்க, அச்சுக் கோக்கறவன் மறந்திருப்பான்” என்றாள் என் மனைவி.

படம் நன்றாக ஓடியது. எவனோ பெற்ற பிள்ளைக்கு எவனோ பேர் வைத்த கதையாக, ஜனங்கள் அவரைப் புல்லாங்குழல் வித்வான் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் படித்துக்கொண்டிருந்த மூன்று பேரில் இரண்டு பேர், படித்தால் அவரிடம்தான் என்று நின்றுவிட்டார்கள்.

அப்புறம் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் தம் மகள் கல்யாணத்துக்கு அவரைக் கச்சேரி செய்யக் கூப்பிட்டார். மனுஷன் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“வாத்தியாரே, மானத்தைக் காப்பாத்துங்க. மேடைக்குப் பின்னால திரை கட்டச் சொல்லிப்போட்டேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் உங்களைக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து, ஊதுனது இவருதானுங்கன்னு சபையில சொல்லிப்போடறேன்.”

நம்பினேன். சபையில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை தலையாட்ட வேண்டும். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை. அப்படிச் சொன்னால் அவர் மானம் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்திதான் இல்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் திரைக்குப் பின்னால் வேர்த்து வழிய ஊதினேன். பிடில்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் விஷயம் தெரியும், வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் மண்டிக்காரர் மேடைக்கு வந்து, “இந்த வித்தையை ஆருகிட்டக் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

“ஆருகிட்டயும் இல்லீங்க. அந்தக் கிருஷ்ணன் குடுத்ததுங்க” என்றார் அவர்.

கடைசிப் பாட்டு மோகனம். சரணத்தில் உச்சிக்கு ஏறி, பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். நாறட்டும் என்றுதான் எடுத்தேன். பிடிலும் மிருதங்கமும் திகைத்து நின்றுபோயின. பந்தலில் ஒரு சத்தமில்லை. திரைக் கிழிசல் வழியாகப் பார்த்தேன். அவர் விரல்கள் மட்டும் இரண்டு மூன்று தடவை ஆடின. பிறகு குழலை மெல்ல இறக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டார். படுபாவி, நடிகன் அல்லவா!

பந்தலே அதிர்ந்தது. “சாமியே வந்து நின்னுபோட்டாருங்க” என்று ஒருவர் அழுதார். என்னை யாரும் கூப்பிடவில்லை. பின்பக்கமாக நடந்து போய் ரயிலேறினேன்.

அடுத்த தை மாசம் பல்லடத்திலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி, என் வயசுக்காரர், குழல் கற்றுக்கொள்ள வந்தார்.

“ஈரோட்டுக் கல்யாணத்துல அவரு பாதியில நிறுத்துனாரு பாருங்க, அந்த மாதிரி நிறுத்தறதுக்குச் சொல்லிக் குடுங்க.”

“நிறுத்துனது நாந்தானுங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஊர் மரியாதைக்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

“இருக்குமுங்க வாத்தியாரே. எனக்கு அவரு நிறுத்துன மாதிரியே வந்தாப் போதுமுங்க.”

சொல்லிக்கொடுத்தேன். கடைசிவரை என்னிடம் நிலைத்த மாணாக்கர் அவர் ஒருவர்தான். எங்கே வாசித்தாலும் அந்த நடிகர் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் குழலை எடுப்பார்.