பெருநாள் லீவில் வந்த தண்ணீர்

அந்த டெண்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பனிமலையில் சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ராத்தங்கப் போடுவதாம். துபாயை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் அதை என் நண்பனின் தலையில் கட்டிவிட்டார். பாலைவனத்தில் பனிக்கு எங்கே போவது?

"மலையும் குளிரும் இருந்தாப் போதும் மாப்ளே. ராஸ் அல் கைமா பக்கம் போய்த் தங்குவோம்" என்றான்.

எழுபதுகளின் நடுவில், டிசம்பரில், ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் கிளம்பினோம். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். "அண்ணே, இவர் விளையாட்டுப் புள்ள மாதிரி. பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்க" என்று என்னிடம் சொன்னாள். என்னமோ நான் பெரிய மலையேறி!

நாங்கள் இருவரும் மதுரைக்காரர்கள். எங்களுக்கு ஆறு என்றால் மணல். துணி காயப்போடுவது, மாடு கட்டுவது, பந்து விளையாடுவது எல்லாம் அதில்தான். அதனால் மலைகளுக்கு நடுவே வறண்டு கிடந்த ஓடையின் மெத்து மணலைப் பார்த்ததும், வேறு யோசனையே இல்லாமல் அங்கேயே டெண்டை அடித்தோம். ராத்திரி குளிரில் பல் கிட்டிப்போனது. மறுநாள் மத்தியானம் நல்ல வெயில். தூரத்து உச்சிகளில் மட்டும் மேகம் கறுத்திருந்தது. அங்கே பெய்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

நான் கரைமேல் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். ஓடை வளைவில் நுரையும் சருகுமாக, பாய் விரித்த மாதிரி மெல்லிசாகத் தண்ணீர் வந்தது.

"டேய், ஆத்துல தண்ணி வருதுடா!"

பயந்து கத்தவில்லை. சந்தோஷத்தில் கத்தினேன். எங்கள் ஊரில் அணை திறந்தால் தெருவே ஆற்றுக்கு ஓடும். முதல் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வோம். அவனும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ஓடைக்கே ஓடினான். குனிந்து அள்ளினான். "சில்லுன்னு இருக்கு மாப்ளே!"

அதற்குப் பின்னாலேயே நிஜத் தண்ணீர் வந்தது. ஆளுயரம், செம்மண் நிறம், உள்ளே கற்கள் உருண்டன. எப்படித்தான் நடுவிலிருந்த பாறைமேல் தாவினானோ தெரியாது. டெண்ட் போய்விட்டது.

ஐயோ, அந்தப் பயம்! மேட்டில் நின்ற காரிலிருந்து கயிற்றை எடுத்து வந்து வீசினேன். பாதிகூடப் போகவில்லை. அத்தோடு என் கைலியையும் முடிந்து, ஜட்டியோடு நின்று வீசினேன். அப்போதும் எட்டவில்லை. தண்ணீர் பாறையை மூடி அவன் முழங்காலுக்கு ஏறியது. அவன் ஏதோ கத்தினான். காதில் விழவில்லை. பிறகு ஒரு கையால் வயிற்றுக்கு முன்னால் உருண்டையாக வளைத்துக் காட்டினான், என்னைச் சுட்டினான். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறான்.

"வாயை மூடுடா மூதேவி! நீயே வந்து பாரு!" என்று அழுதுகொண்டே கத்தினேன். எந்தச் சாமியையும் விட்டுவைக்காமல் வேண்டினேன்.

பொழுது சாயும்போதுதான் தண்ணீர் வடிந்தது. கணுக்கால் அளவுக்கு இறங்கியதும் ஓடிப்போய் அவனைக் கரைக்கு இழுத்து வந்தேன். பளாரென்று ஒன்று விட்டேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து இருவரும் ஒன்றாக லீவில் ஊருக்குப் போயிருந்தோம். அணை திறந்திருந்தார்கள். பாலத்தின்மேல் நின்றவர்களெல்லாம் கீழே ஓடினார்கள்.

"தண்ணி வருதுப்பா, வா, போய்த் தொடலாம்" என்று அவன் மகள் குதித்தாள்.

அவன் நகரவில்லை. அவள் கவுனை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் சட்டையின் பின்பக்கத்தை என் கை பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் திரும்பி என் கையைப் பார்த்தான். விடச் சொல்லவில்லை.