பீற்றூட் சமைத்த குளிர்காலம்

முதன்முதலாக இரத்தத்தைக் கண்டது ஒரு சனிக்கிழமை காலை, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளக் கழிவறையில். தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். மேலே இவர் தேநீருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் எங்கள் மோட்டர்ஹோம் கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. இன்னும் நான்கு கிழமையில் புளோரிடாவுக்குப் புறப்பட வேண்டும். நான் தண்ணீரை இழுத்துவிட்டு மேலே போய்த் தேநீரைக் குடித்தேன்.

இவர் என்பது என் கணவர். நாற்பது வருடமாக என் வாயில் அவருக்கு வேறு பெயர் இல்லை. இந்தக் கட்டுரைக்காக மாற்றிக்கொள்ளவும் போவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது இரத்தத்தைக் கண்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருக்கலாம். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. செய்த பிழையைச் சொல்லும் தகுதி மட்டும் தாராளமாக உண்டு.

மோட்டர்ஹோம் என்றால் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய பெரிய வான் வண்டி. இருபது வருடம் நான் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினேன். இவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினார். வெயில் தேடிப் போகிற சனத்துக்குச் சோற்றையும் பெட்டியையும் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் பனிக்குள் புதைந்த காரைத் தோண்டி எடுத்து வீட்டுக்கு வருவோம். ஓய்வு பெற்றதும் இவர் ஒரு பழைய மோட்டர்ஹோமை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். மனிசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் குளிர்காலம் முடிந்து வடக்கே திரும்பும்போது வழி நெடுக அழுதவள் நான்தான். காலில் காலுறை இல்லாமல் ஐந்து மாதம் இருந்திருந்தேன்.

அந்த முதல் வருடம் முகாமில் பக்கத்து இடத்தில் நின்ற ஒன்ராறியோ தம்பதியர் எங்களுக்கு நிறையச் சொல்லித் தந்தார்கள். தண்ணீர்க் குழாயை எப்படிப் பூட்டுவது, எந்தக் கடையில் நல்ல மீன் கிடைக்கும் என்பவற்றோடு இன்னொன்றையும் சொன்னார்கள். இலையுதிர்காலத்தில் வைத்தியரிடம் வாயைத் திறக்கக்கூடாது. புதிதாக ஒரு வருத்தம், ஒரு மாத்திரை, ஒரு சோதனை கோப்பில் ஏறினால் பயண இன்சூரன்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் கையை விரித்துவிடுவார்கள். எதுவானாலும் ஏப்ரலில் வந்து காட்டிக்கொள்ளலாம். குளிர்காலம் தெற்கே போகிற வயதானவர்களுக்குள் இது பொதுவான கெட்டித்தனம். எங்களுக்கும் அந்தக் கெட்டித்தனம் பிடித்துப்போயிற்று.

இரத்தத்தைக் கண்ட அடுத்த கிழமை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுக்காகக் குடும்ப வைத்தியரிடம் போனேன். எங்கள் ஆள்தான், பொறுமையான மனிதர். அழுத்தம் பார்த்தார், எழுதினார், பேனையை மூடாமல் நிமிர்ந்தார்.

"வேறை ஏதும்?"

"ஒண்டுமில்லை, டொக்டர்" என்றேன்.

மூல வியாதியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் வந்ததுதானே. இவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தை நிறுத்துவார், அல்லது நிறுத்தாமல் மனதுக்குள் கிடந்து உழல்வார். இரண்டும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இன்சூரன்ஸ் படிவத்தை இவர் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். புதிதாக ஏதும் வருத்தம், சோதனை, இரத்தப்போக்கு? இல்லை, இல்லை, இல்லை. கையெழுத்து வைத்தேன்.

புளோரிடாவில் இரத்தம் நிற்கவில்லை. அங்கே எனக்கு ஒரு புதுப் பிரச்சினை இருந்தது. மோட்டர்ஹோமின் கழிவறைக்குக் கீழே கழிவு சேரும் தாங்கி ஒன்று. நாலைந்து நாளுக்கு ஒருமுறை தடித்த குழாயைப் பூட்டி அதைக் காலி செய்வது இவருடைய வேலை. குழாய் தொடங்கும் இடத்தில் வளைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று, கண்ணாடிபோல ஊடே தெரியும். கழுவிய தண்ணீர் தெளிந்து வருகிறதா என்று குனிந்து அதற்குள்தான் பார்ப்பார். நவம்பர் கடைசியில் ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னப்பா, தண்ணி சிவப்பாய் வருது?"

முதல்நாள் தற்செயலாகப் பீற்றூட் சமைத்திருந்தேன். அதைச் சொன்னேன். ஓமோம் என்று போய்விட்டார். அன்றிலிருந்து தாங்கி காலி செய்கிற நாளுக்கு முதல்நாள் பீற்றூட் சமைத்தேன். கறியாக, பால் விட்டு, வறையாக, பச்சை மிளகாயோடு சம்பலாக. இவருக்குப் பீற்றூட் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மண் மணக்கிறது என்பார். அந்த மூன்று மாதமும் ஒருநாள்கூட, ஏன் திரும்பவும் இந்தச் சனியன் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பெப்ரவரியில் முகாமின் சலவை அறையில் ஈரத் துணிகளோடு விழுந்தேன். கண் திறந்தபோது அவசர சிகிச்சைப் பிரிவில் கையில் ஊசி. ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. இளம் வைத்தியர் கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கத்தைச் சோதித்தார். சோதித்து முடித்து என் முகத்தைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றியபோதே மூலம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்படுகிறது, ஊருக்குப் போய் உடனே பாருங்கள் என்றார்.

இன்சூரன்ஸ்காரர் ரொறன்ரோவிலிருந்து என் கோப்பை எடுப்பித்துப் பார்த்தார்கள். ஒக்டோபரில் ஒரு முறைப்பாடும் இல்லை என்று வைத்தியர் நேர்த்தியாக எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். தொலைபேசியில் பேசிய பெண், சீக்கிரம் சுகமடையுங்கள் என்று வாழ்த்தவும் செய்தாள். எங்கள் பொய் ஓர் ஓட்டையும் இல்லாமல் நின்றது. கோப்புக்குள் நான் நல்ல சுகமாக இருந்தேன்.

இரத்தம் ஏற்றிக்கொண்டு மூன்று நாளில் வீடு வந்தோம். இவர் ஓட்ட, நான் பின்கட்டிலில் படுத்திருந்தேன்.

கொலொனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகச் சிறு கமெராவை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். மலக்குடலில் புற்றுநோய். முதலில் ரேடியேஷன் (கட்டியைக் கதிர்களால் சுடுவது), பிறகு சத்திர சிகிச்சை, பிறகு கீமோ (புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மருந்தை நாளத்தில் ஏற்றுவது). கட்டி மிகவும் கீழே இருந்ததால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துத் தைத்து மூடிவிட்டார்கள். இடது பக்க வயிற்றில் ஸ்ரோமா (வெளியே திறந்துவிட்ட குடலின் வாய்) வைத்தார்கள். அதன்மேல் ஒரு பை. சாகும்வரை பை.

வெட்டி எடுத்ததில் மூன்று நிணநீர்க் கணுக்களில் (நோயை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) புற்றுநோய் ஏறியிருந்தது. சத்திர சிகிச்சை செய்த வைத்தியர் ஒரு பெண். என் வயதுக்குப் பாதி இருக்கும். ஒக்டோபரில் வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். தனக்குத் தெரியாது என்றார். பை இல்லாமல் முடிந்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம், கணுக்களுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை மாதம் சின்னக் காலம் இல்லை என்றார். என்னைத் தேற்றுவதற்காக ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை நான் மதிக்கிறேன்.

அஜக்ஸில் இருக்கும் மகள் சுபாவுக்கு உண்மை முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். பீற்றூட்டை மட்டும் விட்டுவிட்டேன். சுபா ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துச் சத்தம் போட்டாள். "வெயிலுக்காண்டியா, அம்மா? ஜஸ்ட் வெயிலுக்காண்டியா?" ஓம், வெயிலுக்காகத்தான்.

பையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லமாட்டார்கள். முதல் மாதம் நான் அதைப் பார்க்கவில்லை. தாதி மாற்றும்போது சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இவர்தான் கற்றுக்கொண்டார். பெட்டி ஏற்றிய பெரிய விரல்களால் பசை வளையத்தை அளந்து வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடைத்து ஒட்டுவார். ஸ்ரோமாவுக்கு நோவு இல்லை, நினைத்த நேரத்தில் சத்தம் போடும். ஒருமுறை கோவிலில் தீபாராதனை நேரம் போட்டது. ஐயர் திரும்பியே பார்த்தார். இவர் தன்னுடைய வயிற்றைத் தடவிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக் குற்றத்தை ஏற்றுக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிரித்தோம். சிரித்த நாட்கள் குறைவு. கீமோவின்போது வாயெல்லாம் புண், கஞ்சியும் எரிந்தது. சாமிப்படத்துக்கு முன்னால் போய் நிற்கவே எரிச்சலாக இருந்தது.

தொண்ணூற்றெட்டு இலையுதிர்காலத்தில் எடுத்த படத்தில் ஈரலில் (வலப்பக்க விலாவுக்குக் கீழே இருப்பது) ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இரண்டு. இனி மருந்து அதைப் பிடித்து வைக்கும், எடுத்துவிடாது என்று சொன்னார்கள். எவ்வளவு காலம் பிடித்து வைக்கும் என்று கேட்டதற்கு, படத்துக்குப் படம் பார்ப்போம் என்றார்கள்.

மோட்டர்ஹோமை இவர் விற்கவில்லை. என்னை ஏற்றுக்கொள்ள இனி எந்த இன்சூரன்ஸும் இல்லை, எல்லையைத் தாண்டிப் போவது நடக்காத கதை. என்றாலும் கிழமைக்கு ஒருமுறை மத்தியானத்தில் போய் இயந்திரத்தை இயக்கிவிட்டு உள்ளே இருந்துவிட்டு வருவார். பற்றரி செத்துவிடுமாம். சென்ற ஜனவரியில் ஒருநாள் நானும் தேநீரோடு போனேன். முன்கண்ணாடி முழுக்கப் பனி. இவர் சாரதி இருக்கையில் இருந்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நீர் பீற்றூட் சமைக்காத கிழமையிலையும் நான் பாத்தனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. டிசம்பர் கடைசி, நத்தார்க் கிழமை கடை பூட்டியிருந்தது, பீற்றூட் கிடைக்கவில்லை. அன்றும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குள் தண்ணீர் சிவப்பாகத்தான் போயிருக்கிறது.

"ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டா நீர் சொல்லிப்போடுவீர் எண்டு பயந்தனான்."

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சநஞ்சக் கோபம் அல்ல. தேநீரை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பை மாற்றும்போதும் பேசவில்லை. இவ்வளவு காலமும் பிழை முழுவதையும் நான் ஒருத்தியே சுமந்துகொண்டு, பாவம் இந்த அப்பாவி மனிசன் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அவர் பிடிக்காத கறியை வாயில் வைத்து விழுங்கிக்கொண்டு, தன் பங்கை மறைத்து வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. மன்னித்துவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். கோபத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் போதாது, அவ்வளவுதான்.

முன்பு எங்களுக்கு வருடத்தில் இரண்டு பாதி இருந்தது, இங்கே ஒன்று, தெற்கே ஒன்று. இப்போது வருடமே இல்லை. பை மாற்றுகிற மூன்று நாள் உண்டு, ஈரலைப் படம் எடுக்கிற மூன்று மாதம் உண்டு. அதற்கு அப்பால் யாராவது கல்யாணத் திகதி சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறேன். உடம்பும் முன்னைப்போல என்னுடையது மட்டும் இல்லை. அறுபது வருடம் கதவைப் பூட்டிக்கொண்டு செய்த காரியத்தை இப்போது வெளிச்சத்தில் இரண்டு பேர் குனிந்து பார்க்கிறோம். வெட்கம் எந்த மாதத்தில் போனது என்று நினைவில்லை.

போன கிழமை, இரண்டு வருடத்துக்குப் பிறகு பீற்றூட் சமைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், கடையில் கண்டேன், வாங்கினேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டார். அடுத்தநாள் காலை பை சிவப்பாக இருந்தது. இப்படி ஆகும் என்று தாதி முன்பே எச்சரித்திருக்கிறாள். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேற்றையப் பீற்றூட்" என்றேன்.

மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து ரெலிபோனை எடுத்தார்.

"பீற்றூட்தானப்பா. நீங்களும்தானே சாப்பிட்டனீங்கள்."

"இருக்கட்டும். சொல்லுவம்."

ஆஸ்பத்திரித் தாதியிடம் நிறத்தைச் சொன்னார், எத்தனை மணி, எவ்வளவு, முதல்நாள் என்ன சாப்பாடு என்று சொன்னார். தன் கண்ணால் பார்த்ததாக இரண்டு தரம் சொன்னார். நான் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் இருந்தேன். பீற்றூட்தான் என்று அவளும் சொல்லியிருக்க வேண்டும், இவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேறை ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா."

ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"வலப்பக்க விலாவுக்குக் கீழை நோகுது" என்றேன். "ஒரு கிழமையாய்."

இவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ரெலிபோனைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, அதையும் சொன்னார்.