கொத்தோடு வாங்கும் கிருபாராணி

"பிரிக்காம எடுங்கண்ணா. மூச்சுக்குழா, நுரையீரல், இதயம் எல்லாம் ஒரே கொத்தா வரணும். போன வாரம் குறுக்கால வெட்டிட்டீங்க, பாடமே போச்சு."

குந்தாரப்பள்ளிச் சந்தையில் கறிக்கடை கரியப்பனை வாரம் தவறாமல் இப்படி அதட்டுபவள் கிருபாராணி. ஊரே தொடைக்கறிக்கு அடித்துக்கொள்ளும்போது இவளுக்கு மட்டும் இதயம் வேண்டும், இல்லாவிட்டால் கண். "டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு இன்னா பாடம்?" என்று கேட்டபடியே அவர் தேக்கிலையில் சுற்றித் தருவார்.

டீச்சரம்மா என்பது சந்தை கொடுத்த பட்டம். வயது இருபத்தைந்து, பி.யூ.சி.யோடு படிப்பு நின்றுபோனது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை இல்லை. வீட்டில் உயிரியல் சொல்லித்தருகிறாள், அதுவும் ஒரு நேரத்தில் ஒருத்திக்கு மட்டும். காரணம் கேட்டால், "ரெண்டு பேர உக்கார வெச்சா, ஒருத்தி புரிஞ்சி தலையாட்டுவா. இன்னொருத்தி அவளப் பாத்துத் தலையாட்டுவா" என்பாள். பாடம் முடிந்த இதயம் மாலையில் குழம்பாகிவிடும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் இவள் பக்கத்தில் உட்காருவதில்லை. "மாமா, அது ஈரல் இல்ல, கிட்னி" என்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்!

இந்த வருஷம் இவளிடம் படிப்பவள் பள்ளியிறுதியான பதினோராம் வகுப்பு முனிலட்சுமி. ஆட்டுக் கொத்தை அவள் கையில் கொடுத்து, "உன் நெஞ்சுக்கு நேரா பிடி. மூச்சுக்குழா மேல, இதயம் முன்னால. இப்ப உன் இடது கை எந்தப் பக்கமோ, அதான் இதயத்துக்கும் இடது" என்றாள். பிறகு அறுக்கச் சொன்னாள். இடது கீழறையின் சுவர் விரல் பருமன் இருந்தது. வலது சுவர் அதில் பாதிகூட இல்லை. "இடதுதான உடம்பு பூரா ரத்தத்தத் தள்ளணும்? அதான்" என்றாள் கிருபாராணி. முனிலட்சுமி இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தொட்டுப் பார்த்ததைத்தான் செலக்‌ஷன் பரீட்சையில் எழுதினாள். பத்து மார்க் கேள்வி. அறிவியல் வாத்தியார் கோவிந்தப்பன் குறுக்கே கோடு இழுத்து முட்டை போட்டார். அவருடைய நோட்ஸில் வலது சுவர்தான் தடிப்பு! புத்தகப் படத்தில் தம் வலக்கைப் பக்கம் இருந்ததை இதயத்தின் வலது என்று எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்காக அதையே எழுதவைக்கிற மனுஷன். பாஸுக்கு ஆறு மார்க் குறைந்தது. பாஸாகாதவளைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். அனுப்பாவிட்டால் தை மாதம் மாலூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அவள் அப்பா திம்மப்பன் சொல்லியாயிற்று. சரியாக எழுதியதற்கு ஒரு பெண்ணுக்கு இந்தத் தண்டனையா? அட, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

கிருபாராணி நேரே அவரிடமே போய்க் கேட்டாள்.

"நோட்ஸ்ல இருக்கறத எழுதினாத்தாம்மா மார்க்கு. சந்தையில படிச்சதுக்கெல்லாம் போட முடியாது" என்றார்.

"சந்தையிலயாவது இதயம் இதயமா இருக்குது" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள்.

பொதுத்தேர்வுப் பட்டியல் போவதற்கு முந்தின நாள் சந்தை. வாங்கின கொத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், முனிலட்சுமியை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வாத்தியார் மேசையில் விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் தேக்கிலையைப் பிரித்து, கொண்டுவந்த கத்தியையும் வைத்தாள்.

"சீ! பள்ளிக்கூடமா, கறிக்கடையா?" கோவிந்தப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நீங்களே அறுத்துப் பாருங்க சார்."

அவர் கத்தியைத் தொடவில்லை. கிருபாராணி அதை முனிலட்சுமியிடம் நீட்டினாள். அந்தப் பெண் கொத்தைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "மூச்சுக்குழா மேல சார். இதயம் முன்னால. இது என் இடது" என்றாள். மேசையில் வைத்து அறுத்து, இரண்டு சுவரையும் விரித்துக் காட்டினாள்.

கோவிந்தப்பன் பார்த்தார். சுவரில் தொங்கிய இதயப் படத்தைப் பார்த்தார். மறுபடி இதயத்தைப் பார்த்தார்.

கிருபாராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலிருந்து முனிலட்சுமியின் தாளை உருவி அவர் முன்னால் விரித்தாள். சிவப்பு மைப்புட்டியின் மூடியைத் திருகித் திறந்து, அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.