பற்றறி வெடித்தபோது படுத்துவிட்டோம்

முள்ளியவளையில் வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டிலில் கதவு, யன்னல் செய்கிறேன். பொருட்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. டிறில் மெஷினில் இருந்து கழற்றும் பற்றறிகளை, ஆணிகள் கிடக்கும் தகர பிஸ்கட் பேணிக்குள்ளேயே எறிந்துவிடுவேன். "ஒரு நாளைக்கு இது உங்களைக் கொல்லும்" என்று மனைவி வசந்தி கத்துவாள்.

ஒரு மத்தியானம் அவள் தேத்தண்ணியோடு உள்ளே வந்தபோது பேணி வெடித்தது. ஏதோ ஓர் ஆணி பற்றறியின் இரண்டு முனைகளையும் தொட்டிருக்க வேண்டும். ஆணிகள் பறந்து கூரைத் தகரத்தில் சடசடவென்று அடித்தன.

"படுங்கோ!" என்று கத்தியபடி வசந்தி குப்புற விழுந்தாள். நானும் விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு அடுத்ததுக்காகக் காத்துக் கிடந்தேன். சண்டைக் காலத்தில் ஷெல் குண்டுகள் விழுந்தபோது எங்களைக் காப்பாற்றிய பழக்கம் அது. அடுத்த பற்றறியும் வெடித்தது. எரியும் துண்டொன்று என் முதுகில் விழுந்து, சட்டையோடு சதையையும் பொசுக்கியது. மரத்தூளில் பற்றிய நெருப்பு வார்னிஷ் பேணியை நெருங்கிய பிறகுதான் வசந்தி தலையைத் தூக்கினாள்.

"இஞ்சேருங்கோ, இது ஷெல் இல்லை! எழும்பி ஓடுங்கோ!"

வாசலைத் தாண்டியதும் கொட்டில் குபீரென்று எரிந்தது.

புதுக் கொட்டிலில் ஒவ்வொரு பற்றறிக்கும் தனித்தட்டு அடித்தேன். ஆணிப் பேணியை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனேன். இனிச் சத்தம் கேட்டால் ஓடுவதென்றும் இருவரும் பேசிக்கொண்டோம். போன கிழமை கூரையில் தேங்காயொன்று விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், இருவரும் நிலத்தில் குப்புறக் கிடக்கிறோம்.

அன்று பின்னேரமே பற்றறி, சார்ஜர் எல்லாவற்றையும் முற்றத்தின் மூலையில் கட்டிய சீமெந்துப் பெட்டிக்கு மாற்றினேன். நாங்கள் ஓடப்போவதில்லை. அவை தூரத்தில் இருக்கட்டும்.