கொசுறுக் கறிவேப்பிலை

மதியம் 2.10. பெருங்குடி வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கேஸ் ரெகுலேட்டர் மூடியிருப்பதை முன்னாலேயே போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். போன மாதம் இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

இந்தப் பயணம் என் மகள் செல்வி போட்ட உத்தரவு. அவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் நான் ஒருத்திதான். தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் போன் செய்து, அன்றைக்கு மனசுக்குப் பிடித்த மூன்று சின்ன விஷயங்களைக் கேட்பாள். நானும் எதையாவது சொல்லிவைப்பேன். நேற்று மாட்டிக்கொண்டேன்.

"நேத்தும் மல்லிப்பூ வாசனை, இன்னைக்கும் மல்லிப்பூ வாசனையா? கதை உடாதம்மா. நீ வாசப்படியே தாண்டல. நாளைக்கு எங்கனா வெளிய போய்ட்டு வா. இப்டியே குந்திகினு இருந்தீன்னா வேலைய உட்டுட்டு வந்துடுவேன்."

சொன்னால் செய்வாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவளும் என்னால் எதையாவது பாதியில் விட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

2.40. பறக்கும் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். திருமயிலை எட்டாவது ஸ்டேஷன். ஜன்னல் ஓரம் கிடைத்தும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே, வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி.

"இன்னாக்கா, அந்த போட்டோவையே பாத்துகினு கீற? பேரப்புள்ளையா?"

"இல்லம்மா, கேஸ் ரெகுலேட்டர்."

அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "எம்புருசன் ஒரு தபா கூட என் போட்டோவ இப்டி பாத்ததில்லக்கா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டூர்புரம் தாண்டி ரயில் ஆற்றின் மேல் போனபோது போனை மடியில் வைத்தேன். தண்ணீர் கறுப்புதான். ஆனால் காற்று முகத்தில் வந்து மோதியது நன்றாக இருந்தது. ஒன்று என்று விரலை மடக்கிக்கொண்டேன்.

3.20. மயிலாப்பூர் குளத்தருகே காபி, இருபது ரூபாய். பூட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே குடித்ததில் ருசியே தெரியவில்லை. அதைச் சேர்க்கவில்லை.

மாட வீதியில் கால் கிலோ பீன்ஸ், இருபத்தைந்து ரூபாய். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

"யக்கோவ்!" கடைக்காரம்மா கத்தினாள். "கொசுறு வாங்காம போற? என் மேல கோவமா?"

காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா தருவார்கள். கேட்டு வாங்காதவளை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. செல்வி போனதிலிருந்து நான் எதையும் தாளிப்பதில்லை.

"வேணாம்மா, நான் ஒருத்திதான்."

"ஒருத்தின்னா வாசனை வேணாமா? புடி!" இரண்டு கொத்தைக் கையில் திணித்தாள்.

5.00. பெசன்ட் நகர். பஸ் பெண்களுக்கு இலவசம். ஊரூர் குப்பத்துப் பக்கம் ஒரு படகின் நிழலில், பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். கடற்கரையில் எல்லோரும் யாருடனாவது வந்திருந்தார்கள். அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கப் போனால் விரலெல்லாம் கறிவேப்பிலை வாசனை. கொஞ்ச நேரம் கையை முகத்திலேயே வைத்திருந்தேன்.

5.30. செல்வி.

"சொல்லும்மா, மூணு."

"ஆத்து மேல காத்து. அப்பறம் கொசுறு கறிவேப்பில."

"மூணாவது?"

மல்லிப்பூ வாய் வரை வந்தது. "மூணாவது கெடைக்கலடி. நீ இல்லாம கஷ்டமாத்தான் கீது. அதுக்காக ஓடி வராத."

"இன்னைக்குத்தாம்மா நம்புறேன்," என்றாள். "சரி, நான் வேலைக்குக் கெளம்புறேன்."

7.20. வீடு. ரெகுலேட்டர் மூடியேதான் இருந்தது. மயிலாப்பூருக்குப் பிறகு அந்தப் போட்டோவைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெருங்குடியில் காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் வரும். அதனால் ஜன்னலை மூடியே வைத்திருப்பேன். அந்த மூடிய அறையில், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையைப் போட்டேன். படபடவென்று பொரிந்து வீடு முழுக்க வாசனை.

செல்வியிடம் சொல்லப் போனை எடுத்தேன். அவள் ஷிப்டில் இருப்பாள். கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு தட்டை எடுத்தேன். நாளைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.