ஈரத்தில் சாகிற வேலி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்ததோடு சரி. அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ஸ்பேனரும் எண்ணெய்த் துணியும்தான். இரண்டுக்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் விஷயத்துக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் செலம்பாவ் பக்கம். எங்கள் வீட்டு வரிசையான லயங்களைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி போட்டு எங்களை உள்ளே வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போகிறவர்கள் சாப்பாட்டை வெளியே எடுத்துப் போகக் கூடாது. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பயம். கேட்டில் பெண்களின் இடுப்பு முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள்.

நான் இஞ்சின் கொட்டகையில் வேலை செய்தேன். என் மனைவிக்குப் பெரிய துரையின் பங்களாவில் கோழி பார்க்கும் வேலை. அந்தத் துரைக்குக் கோழி என்றால் உயிர். எல்லாம் வெள்ளை லெகார்ன். அவற்றுக்குத் தீனியாகத் தஞ்சோங் டாவாயிலிருந்து காய்ந்த பொடி மீன் மூட்டையாக வரும். அதே மீனுக்கு நாங்கள் கடையில் ரேஷன் கார்டைக் காட்டி வரிசையில் நிற்போம். என் மனைவி அந்த மீனைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, கேட்டில் விரலை முகர்ந்து பார்க்கிறவர்களைத் தாண்டி வீட்டுக்கு வருவாள்.

துரை சீமைக்கு லீவில் போய்த் திரும்பியபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். கார் பேட்டரியில் ஓடும் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி கோழி வேலிக்குப் போகும். இன்னொன்று மண்ணில் அடித்த இரும்புக் குழாய்க்குப் போகும். கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் வேலியில் கரண்ட் ஓடும். தொட்டால் ஆள் சாக மாட்டான். ஆனால் கோழி பிடிக்கும் மூசாங் என்கிற மரநாய், உடும்பு எதுவும் இரண்டாம் தடவை வராது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி. கட்டிக் கொடுத்தது நான்தான்.

முதல் மூன்று மாதம் ஒரு கோழிகூடப் போகவில்லை. பிறகு ஒரு புயல் மழையில் பங்களா மரத்தின் கிளை முறிந்து விழுந்து கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்கள் பாதிக்கு மேல் உடைந்துபோயின. புதியது வரக் கப்பல் வர வேண்டும். பெரிய கிராணி, ஆபீசில் துரைக்கு அடுத்தவர், எல்லாம் தெரிந்தவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரப்பர்ல கரண்ட் போகாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரப்பர் தோட்டத்துல உக்காந்துக்கிட்டு பீங்கானுக்கு அழுவானா ஒருத்தன்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரண்டுக் கம்பிக்கு மேலேயே ரப்பர்தானே உறை. புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெட்ட விடமாட்டார்கள். அது விலைக்குப் போகிற சரக்கு. அதனால் உருளையிலிருந்து வந்த, இன்னும் புகைபோடாத பச்சை ஷீட்டின் ஓரத் துண்டுகளை நாடாவாக அறுத்து, ஒவ்வொரு கட்டைக்கும் சுற்றி, அதன்மேல் கம்பியைக் கட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து கோழி குறையத் தொடங்கியது. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு நாள் நல்ல முட்டைக்கோழி மூன்று. ரோந்து போன மாத்தா-மாத்தா போலீஸ்காரர்கள் காட்டு ஓரத்தில் வெள்ளை இறகைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

துரை தோட்டத்தைச் சுற்றிவிட்டுப் பதினோரு மணிவாக்கில் பசியாற பங்களாவுக்கு வருவார். அன்று வந்ததும் ஒரு புல்லைக் கிள்ளி, ஒரு கையை மண்ணில் ஊன்றிக்கொண்டு, அதை வேலியில் வைத்துப் பார்த்தார். சுரீர் என்று இழுத்தது. கையை உதறிக்கொண்டு, வேலி நல்லா கடிக்குது, அப்புறம் கோழி எப்படிப் போகுது என்று கேட்டார். தோட்டத்துத் துரைகள் தமிழ் பேசுவார்கள். எல்லாரையும் நீ என்றுதான் பேசுவார்கள்.

கிராணி என் மனைவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "கோழிக்குக் காலுதான் இருக்கு துரை. கதவத் தொறக்கக் கை வேணும்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் என் மனைவி காட்டுக்குச் சாப்பாடு கொடுத்தவள் ஆகிவிட்டாள். சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார் என்றார்கள். அன்று புதன். அந்தக் காலத்தில் இதற்கு வழக்கு, வக்கீல் எதுவும் கிடையாது. பிடித்து முகாமில் வைப்பார்கள். பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவார்கள். அவள் லூனாஸில் பிறந்தவள். இந்தியாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். அன்றும் துரை முன்னால் வேலியைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நன்றாக இருக்கிற வேலியில் என்ன பார்ப்பது என்று கிராணி சிரித்தார்.

புதன் மத்தியானமே பேட்டரியைக் கழற்றி இஞ்சின் கொட்டகையில் சார்ஜ் போட்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை வேலியைச் சுற்றி லாலான் புல்லை ஒட்ட அறுத்தேன். புல் கம்பியைத் தொட்டால் கரண்ட் அதன் வழியாக மண்ணுக்கு ஓடிவிடும். கம்பி முடிச்சுகளை அவிழ்த்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கினேன். மண்ணில் அடித்த குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, இன்னும் இரண்டு அடி இறக்கினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் புல்லை வைத்துப் பார்த்தேன். முதலில் எப்படிக் கடித்ததோ அப்படியே கடித்தது. கடிக்கிற வேலியில் குறையைத் தேடுகிறவன் பாடு உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. அது ஒவ்வொரு தடவை சுரீர் என்று இழுக்கும்போதும் என் மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்வது மாதிரி இருந்தது.

வியாழன் சாயங்காலம் வீட்டில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குக் கடி வாங்கினீர்கள் என்று கேட்டாள். எத்தனை மணியாக இருந்தால் என்ன என்றேன்.

"காலையில கடிக்காதே. நான் தெனம் ஆறரைக்கு வந்து முழங்கால் கம்பியக் கையால அமுக்கிட்டுத்தான உள்ள போறேன். பத்து மணிக்கு மேல போனாத்தான் சுள்ளுங்குது."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"காலையில நிறுத்தி வைப்பாங்கன்னு நெனச்சேன். நீங்களும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். துரையிடம் கேட்டேன், பேட்டரியிடம் கேட்டேன், குழாயிடம் கேட்டேன். தினமும் கம்பியைத் தொடுகிற ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்தாள், அவளிடம் கேட்கவில்லை. ஆபீசில் யாரும் கேட்கவில்லை என்பது வேறு.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்ததும் நான் பெரட்டுக்குப் போகவில்லை. என் பேரைக் கூப்பிட்டார்கள், காதில் விழுந்தது, திரும்பிப் பார்க்காமல் அவளோடு பங்களாவுக்கு நடந்தேன். பெட்டி டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்தேன். எறும்பு ஊர்கிற அளவுதான் இருந்தது. பனி நன்றாக இறங்கியிருந்தது. ரப்பர் நாடாக்கள் கறுத்து, ஊறி, தொட்டால் வழுக்கின. முகர்ந்து பார்த்தேன். ரப்பர் பால் கொட்டகையின் அந்தப் புளிச்ச வாடை.

அப்போதுதான் புரிந்தது. பச்சை ஷீட்டில் பாதி தண்ணீர். பாலை உறையவைக்க ஊற்றிய ஆசிட்டும் அதில் இருக்கிறது. வெயிலில் மேலே காய்ந்தால் ரப்பர். பனியும் மழையும் பட்டால் ஈரத்துணி. அறுபது கட்டையில் அறுபது ஈரத்துணியைச் சுற்றி வைத்து, கரண்டை மண்ணில் இறக்கிவிட்டிருக்கிறேன். மூசாங் வருகிற நேரத்தில் வேலி செத்துக் கிடக்கும். துரை வருகிற நேரத்தில் உயிரோடு இருக்கும். ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் செய்த தப்பு இது. வேறு ஊர்க்காரன் கண்ணாடியையோ எதையோ தேடியிருப்பான்.

பங்களாவின் பின்பக்கம் துரை குடித்துப்போட்ட பீர் போத்தல்கள் குவியலாகக் கிடந்தன. போத்தல் கழுத்தில் மண்ணெண்ணெய் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தி, சூட்டோடு தண்ணீரில் முக்கினால் கழுத்து மட்டும் தனியாகக் கழன்றுவிடும். அப்படிப் பத்துக் கழுத்து எடுத்து, வேலியின் ஒரு மூலையில் நாடாவை அறுத்தெறிந்துவிட்டுக் கட்டைகளில் மாட்டினேன். அந்த மூலைக் கம்பியை மற்றதிலிருந்து துண்டித்து வைத்தேன். பிறகு பூச்செடிக்கு ஊற்றும் இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு காத்திருந்தேன்.

பதினோரு மணிக்குத் துரை வந்தார், கிராணியும் கூடவே வந்தார். பெரட்டுக்கு வராதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கிராணி கேட்டார். நான் வாளியைத் தூக்கினேன். எல்லா நாடாவும் நனையும்படி வேலியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவன் பழகியவன், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான் என்றார் கிராணி. என் மனைவி கோழித் தீனிக் கூடையைக் கீழே வைத்தாள். யாரும் கூப்பிடாமல் வந்து, என் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். கிராணியை நேராகப் பார்த்தாள்.

துரை தானும் பிடிக்க வந்தார். அவர் காலில் கனத்த ரப்பர் அடி போட்ட சப்பாத்து. அதோடு பிடித்தால் நல்ல வேலியும் கடிக்காது. பிறகு எதையும் காட்ட முடியாது. அவர் ஆபீஸ் படியை மிதிக்கும் முன்னால் நாங்கள் செருப்பைக் கழற்றுகிறவர்கள். அவர் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிறவர்கள். பக்கத்தில் அவள் கை இன்னும் கம்பியில் இருந்தது.

"துரை, சப்பாத்தக் கழட்டணும்."

கிராணி என் பேரைச் சொல்லி அதட்டினார். நான் மறுபடியும் சொன்னேன். "வெறுங்காலோட நின்னாத்தான் தெரியும். காலுறையும் வேணாம்."

துரை என்னைப் பார்த்தார், என் மனைவியின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். கால்கள் உரித்த முட்டை மாதிரி இருந்தன. ஈரப் புல்லில் நின்று கம்பியைப் பிடித்தார். டிக், டிக். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பெட்டியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, போத்தல் கழுத்து மாட்டிய மூலைக்கு மட்டும் கொடுத்தேன். அதன்மேலும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது இதைப் பிடியுங்கள் துரை என்றேன்.

பிடித்தார். ஒரு முழம் எகிறி, அவர் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். எங்களுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

ரப்பரை யார் கட்டியது என்று கேட்டார்.

"நான்தான் துரை. கட்டச் சொன்னது கிராணி ஐயா. எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. இவளுக்குத்தான் வேலி எப்ப சாகுதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. இவளத்தான் புடிச்சிக் குடுக்கப் பாக்குறீங்க."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் அதற்கு முன்பும் பேசியதில்லை, பிறகும் பேசியதில்லை. துரை சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய் டெலிபோன் செய்தார். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரவில்லை. எல்லாக் கட்டைக்கும் போத்தல் கழுத்து மாட்டினேன். மூன்றாம் நாள் கீழ்க் கம்பியில் மூசாங்கின் சாம்பல் மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு கோழி போகவில்லை. திங்கட்கிழமை என் மனைவி பெரட்டில் நின்று, கோழிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் மரம் வெட்டப் போகிறேன் என்றாள். துரையே சொல்லியும் அவள் பங்களாப் பக்கம் திரும்பவில்லை.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தோம். இப்போது தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிறார்கள். வேலை போகிறவர்களுக்கு ஆபீசில் நற்சான்றுக் கடிதம் கொடுக்கிறார்கள். வேறு தோட்டத்தில் வேலை கேட்கவும், பிரஜாவுரிமைக்கு மனுப் போடவும் அதைத்தான் காட்ட வேண்டும். போன வாரம் அவளுடையது வந்தது. வேலை ஒழுங்கு, வருகை ஒழுங்கு என்று எழுதி, கீழே ஒரு வரி: கோழி காணாமல்போன விஷயத்தில் ஒருமுறை எச்சரித்து மன்னிக்கப்பட்டவர். ஆபீசின் பழைய பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அன்று துரை டெலிபோன் செய்துகொண்டிருந்தபோது கிராணி எழுதி வைத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிய கிராணி, நல்ல பையன்தான், "மன்னிச்சாச்சின்னுதானே அண்ணே போட்டிருக்கு, நல்லதுதானே" என்கிறான்.

நல்லதில்லை. மன்னிக்க அவள் என்ன செய்தாள்? தப்பு செய்தது நான், செய்யச் சொன்னது அவர். எங்களை யாரும் எச்சரிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. தனக்கு அந்தக் கடிதம் வேண்டாம் என்றாள் அவள். இருவரும் போய் அதை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். கடிதம் இல்லாமல் எங்கே வேலை கேட்பீர்கள் என்று அந்தப் பையன் கேட்டதற்கு, "கேக்குற எடத்துல என் வாயால சொல்லிக்கிறேன் தம்பி" என்றாள்.

அவள் வாயால் சொல்வாள். நான் எழுதிக் கொடுக்கிறேன். யார் மனுவைப் பார்த்தாலும் இந்தத் தாளையும் சேர்த்துப் பார்க்கட்டும். அவர்கள் தாளில் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. என்னிடம் முத்திரை கிடையாது.

1959, ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.